மூன்று முறை வெட்டிய தோள்

என் கடையில் முடிவெட்ட வருகிற யாரும் நேராக உட்கார மாட்டார்கள். இடுப்பு நாற்காலியின் விளிம்புக்கு வரும்வரை சறுக்கி, முகவாயை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு, தப்புச் செய்து பிடிபட்டவர்கள் மாதிரி உட்காருவார்கள். புதிதாக வருகிறவர் ஒரு நிமிடம் விழிப்பார். பிறகு பக்கத்து ஆளைப் பார்த்துவிட்டு அவரும் சறுக்குவார். எட்டு வருடம் இதுதான் நடைமுறையாக இருந்தது. காரணம் என் வலது தோள்.

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் நாத்தனார் சொல்வாள், அவள் சொன்னால் எல்லாம் தலைகீழாக வரும்.

ஊரார் முடியை எல்லாம் வெட்டித் தள்ளியவளை அந்த முடியே ஒருநாள் கவிழ்த்துவிட்டது. தரையில் கிடந்த ஈர முடியில் கால் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தேன். தோளுக்குள் தசைநார் அறுந்துபோனது. ஒரு டாக்டர் திறந்து தைத்தார். கொஞ்ச நாளைக்குக் கையைத் தூக்கவே கூடாது என்றார். சொன்னால் கேட்கிற ஆளா நான்? ஈரத் துண்டை மேல் கொடியில் போடலாம் என்று கையைத் தூக்கினேன். உள்ளே டப்பென்று ஒரு சத்தம். காதில் கேட்கவில்லை, பல்லில் கேட்டது. இரண்டாவது டாக்டர் மறுபடி திறந்து மறுபடி தைத்தார். "நைஞ்ச துணிம்மா, தையல் எவ்வளவு நாள் நிக்கும்னு சொல்ல முடியாது" என்று முன்கூட்டியே கையைக் கழுவிக்கொண்டார். தையல் நிற்கவில்லை. அதற்குப் பிறகு என் வலது கை நெஞ்சுக்கு மேல் ஏறவே இல்லை.

என் வீட்டுக்காரருக்குத் தச்சு வேலை. வாயைத் திறந்து ஆறுதல் சொல்லத் தெரியாது. ரம்பத்தை எடுத்து அறுக்கத்தான் தெரியும். என் கை எட்டாத ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினார். அடுக்களை அலமாரியை இறக்கினார், துணி மாட்டும் கொக்கியை இறக்கினார், துண்டு காயப்போடும் கொடியை இறக்கினார். முகம் பார்க்கும் கண்ணாடியையும் இறக்கினார். எங்கள் வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளுக்கு அதில் வயிறுதான் தெரியும். கடையிலும் கண்ணாடி இறங்கியது. மிதித்தால் உயரும் நாற்காலியின் தண்டில் ஒரு இரும்பு வளையத்தை மாட்டி, அது ஏறவே முடியாதபடி செய்தார். நான் முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, வருகிறவர்களின் தலையை அமுக்கி அமுக்கி வெட்டினேன். வாடிக்கையாளர்கள் நல்லவர்கள். கழுத்து வலிக்கிறது என்று ஒருவர்கூட வேறு கடைக்குப் போகவில்லை.

ஆனால் தோள் சும்மா இருக்கவில்லை. படுத்தால் வலி, புரண்டால் வலி, கடைசியில் உட்கார்ந்தபடியே தூங்குகிற நிலைமை வந்தது. அப்போதுதான் மூன்றாவது டாக்டரிடம் போனேன். ஆள் நெட்டை. கதவு நிலைக்குக் குனிந்துதான் உள்ளே வருவார். அவரைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் பட்டது அவருடைய படிப்பு இல்லை, பின்மண்டை. இரட்டைச் சுழி. அதை எவனோ சுழியின் போக்குத் தெரியாமல் ஒட்ட வெட்டிவிட்டிருந்தான். ஒரு கொத்து முடி சேவல் கொண்டை மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. எனக்குக் கை துறுதுறுத்தது. தோள் வலிக்காகப் போன இடத்தில் என்ன செய்ய முடியும்?

"முன்னாடி ரெண்டு பேரும் தச்சாங்க. இனிமே தைக்க உள்ள எதுவும் இல்ல. நான் மூட்டையே மாத்திடறேன்" என்றார். பந்து இருக்கிற இடத்தில் கிண்ணமும், கிண்ணம் இருக்கிற இடத்தில் பந்தும் வைப்பார்களாம். அறுந்துபோன தசைநாரின் வேலையை வெளித்தோளில் இருக்கிற பெரிய தசை எடுத்துக்கொள்ளுமாம்.

"கை மேல போகுமா டாக்டர்?"

"வலி போகும். கையைப் பத்தி நான் பொய் சொல்ல விரும்பல. இது ரெண்டு தடவை திறந்த தோள். முதல் தடவை திறக்கற தோள் மாதிரி வேகமா வராது. தோள் மட்டத்துக்கு வந்தாலே நாம சந்தோஷப்படலாம்."

மனுஷர் ஒளிவுமறைவில்லாமல் பேசியது எனக்குப் பிடித்திருந்தது. சரி, வெட்டுங்கள் என்றேன்.

அவர் சொன்னபடியே வலி போயிற்று. கட்டுப் பிரித்துச் சில வாரம் கழித்து ஒரு நாள் மல்லாந்து படுத்துக் காலைவரை தூங்கியிருக்கிறேன். எழுந்ததும் அழுகை அழுகையாக வந்தது. வீட்டுக்காரர் பயந்துபோய் "எங்க வலிக்குது?" என்று கேட்டார். எங்கேயும் வலிக்கவில்லை என்று சொல்வதற்குள் பாதி காலை போய்விட்டது.

கைதான் அடம் பிடித்தது. பயிற்சி கொடுக்க ஒரு பெண் இருந்தாள், என் மகள் வயது இருக்கும். கையில் எப்போதும் கோணம் பார்க்கிற பிளாஸ்டிக் அளவுகோல். அதனால் நான் அவளுக்கு அளவுகோல் என்றே பெயர் வைத்துவிட்டேன். தூக்குங்கள் என்பாள். நான் தூக்குவேன். நன்றாகத்தான் தூக்குகிறேன் என்று எனக்குப் படும். அவள் சிரித்துக்கொண்டே என் தோள்பட்டையை அமுக்குவாள்.

"திருடாதீங்கம்மா. நீங்க கையைத் தூக்கல. தோளைக் காதுகிட்ட கொண்டுபோயிட்டு முதுகைச் சாய்க்கறீங்க. எட்டு வருஷப் பழக்கம்."

அவள் அமுக்கிய பிறகு தூக்கினால் கை நெஞ்சோடு நின்றுவிடும்.

"படுக்க வச்சு நான் தூக்கினா தலைக்கு மேல போகுது. மூட்டு நல்லா இருக்கு, தசையும் முழிச்சிருக்கு. ரெண்டு தடவை ஆபரேஷன் ஆனவங்களுக்கு இது சகஜம்தான். எதுக்காக மேல போகணும்னு கை கேக்குது. கொஞ்சம் பயமும் இருக்கு."

"பயமா? எனக்கா?" என்று எரிந்து விழுந்தேன். கூட வந்திருந்த வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தார். கை நெஞ்சைத் தாண்டப் போகிற அந்த இடத்தில் பழைய டப் சத்தம் பல்லில் கேட்கும் என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

இதற்கிடையில் கடையில் ஒரு பேச்சு நடந்தது. கடையில் இரண்டு நாற்காலி. ஒன்று என்னுடையது, ஒன்று என் நாத்தனாருடையது. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரண்டையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். ஓடி ஓடி அவள் கால் வீங்கிவிட்டது. டாக்டர் லேசான வேலை செய்யலாம் என்று விட்ட பிறகு நான் வந்தேன். வந்தும் அவள் நான்கு தலை வெட்டுகிற நேரத்தில் நான் ஒன்று வெட்டினேன். அவள் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"இன்னொரு ஆளைப் போடலாமா அண்ணி? நீங்க போன் பாருங்க, வர்றவங்களுக்கு நேரம் குடுங்க" என்றாள் தயங்கித் தயங்கி.

நான் யோசித்துச் சொன்னேன். "டாக்டர் கடைசியா ஒரு தடவை பார்க்க வரச் சொல்லியிருக்கார். அன்னிக்கும் கை இங்கேயே நின்னா கத்தரியை வச்சுடறேன். என் நாற்காலிக்கு நீ ஆள் போட்டுக்கோ."

சொல்லிவிட்டேன். பதினெட்டு வயதில் பிடித்த கத்தரி. அது இல்லாமல் நான் யார் என்று எனக்கே தெரியாது. போன் எடுத்து "வணக்கம், சொல்லுங்க" என்று காலம் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வாரங்களில்தான் தபால்காரர் ஒன்று சொன்னார். எங்கள் பழைய வாடிக்கையாளர், என்னை அக்கா என்பார், வாயாடி. நாற்காலியில் சறுக்கி உட்கார்ந்தவர் காலை ஆட்டிப் பார்த்தார்.

"அக்கா, முன்னெல்லாம் இந்தக் கால் வைக்கிற கட்டையில என் கால் நல்லா படியும். இப்ப தொங்குது. நான் சுருங்கறேனா?"

"உங்களுக்கு எது சுருங்கினாலும் வாய் சுருங்காது. தலையை ஆட்டாதீங்க" என்று சொல்லி வெட்டி அனுப்பினேன். அதற்கு மேல் அதை நான் யோசிக்கவில்லை.

கடைசிப் பரிசோதனைக்கு முன்தினம் கடை விடுமுறை. நாற்காலி மெத்தைக்குள் போய்ச் சேர்ந்த முடியைத் தட்டலாம் என்று மெத்தையைக் கழற்றினேன். அடியில் பலகை. ஒன்று இல்லை, ஒரு அடுக்கு. மெல்லிய ஒட்டுப்பலகைகள், மெத்தையின் அளவுக்குக் கச்சிதமாக அறுத்து, ஓரம் இழைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்திருந்தன. அந்த இழைப்பு யார் கையென்று எனக்குத் தெரியாதா? மொத்தமாக வைத்துப் பார்த்தேன். ஒரு சாண் உயரம் இருந்தது.

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. ஒரு பலகையை எடுத்துக்கொண்டு நேராக அவருடைய பட்டறைக்குப் போனேன். அவர் ஏதோ ஜன்னல் சட்டத்துக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன இது?"

"பலகை."

"பலகைன்னு எனக்குத் தெரியாதா? என் நாற்காலிக்கு அடியில என்ன பண்ணுது?"

அவர் உப்புத்தாளைக் கீழே வைத்தார். "வாரத்துக்கு ஒண்ணு வச்சேன்" என்றார்.

"யாரைக் கேட்டு?"

"அந்தப் பொண்ணைக் கேட்டேன். சாமானை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா மேல வைக்கலாமான்னேன். மெதுவா வைக்கலாம், வலி வந்தா நிறுத்திடணும்னு சொல்லிச்சு. தினமும் உன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டேதான் வச்சேன். வலி தெரியல."

"என்னை ஏன் கேக்கல?"

"கேட்டா வேண்டாம்பே."

உண்மைதான். அதனால் கோபம் இன்னும் ஏறியது. ஊரெல்லாம் சேர்ந்து என்னை முட்டாளாக்கியிருக்கிறீர்கள் என்று கத்தினேன். பட்டறையில் இருந்த ரம்பமெல்லாம் கூசியிருக்கும். அவர் பதிலுக்குக் கத்தவில்லை. கத்தத் தெரிந்தால்தானே.

"எட்டு வருஷமா எல்லாத்தையும் இறக்கினது நான்தானே. கை எட்டலைன்னு இறக்கினேன். அப்புறம் பார்த்தா, எட்டறதுக்கு உனக்கு மேல ஒண்ணுமே இல்ல. இறக்கினவனே ஏத்தணும்னு தோணிச்சு. அவ்வளவுதான்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரேயடியாக இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. பலகையை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் கோபம். கூடவே இன்னொன்றும் இருந்தது. ஒரு சாண். என் கை ஒரு சாண் மேலே போயிருக்கிறது. எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது.

கடைக்குத் திரும்பி, இருந்த பலகைகளை அப்படியே வைத்து மெத்தையை மாட்டினேன். வெறும் நாற்காலிக்கு முன்னால் நின்று, ஒரு தலை இருப்பதாக நினைத்துக்கொண்டு கத்தரியைத் தூக்கினேன். கை நெஞ்சோடு நின்றது. மறுபடி தூக்கினேன். மறுபடி நின்றது. தெரியாதவரை போன கை, தெரிந்ததும் பயந்துகொண்டது. அளவுகோல் சொன்ன அந்தப் பயம்தான். அவர் செய்த உபகாரமெல்லாம் நான் மெத்தையைத் தூக்கியதில் பாழாய்ப்போனதே என்று அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உட்காரும்போது என்னையறியாமல் நானும் சறுக்கித்தான் உட்கார்ந்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரி. நான், என் வீட்டுக்காரர், நெட்டை டாக்டர், அளவுகோல். நாங்கள் இருவரும் வழியில் பேசிக்கொள்ளவில்லை.

"தூக்குங்கம்மா."

தூக்கினேன். அளவுகோல் தோள்பட்டையை அமுக்கினாள். நெஞ்சோடு நின்றது. இன்னொரு தடவை. அங்கேயேதான். பல்லில் டப் என்றது. அவளுக்கு என்னைவிட வருத்தம், முகத்தில் தெரிந்தது.

டாக்டர் என் கையைத் தன் கையால் மெதுவாக இறக்கினார். "பரவாயில்லம்மா. வலி இல்ல, தூக்கம் வருது, சாப்பிட முடியுது. ரெண்டு தடவை திறந்த தோளுக்கு இது நல்ல முடிவுதான்."

நல்ல முடிவு. எனக்குக் கத்தரி ஞாபகம் வந்தது. கைப்பையில்தான் இருந்தது. துணியில் சுற்றி, சீப்போடு, எங்கே போனாலும் கூடவே வரும். இன்று சாயங்காலம் அதை நாத்தனார் முன்னால் வைக்க வேண்டும்.

டாக்டர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி எதையோ தட்டினார். பின்மண்டை எனக்கு நேராக வந்தது. அதே இரட்டைச் சுழி. அதே கொண்டை. இந்த முறை இன்னும் மோசம், எவனோ ஒரு பக்கம் பள்ளமே தோண்டியிருந்தான். அவ்வளவு துக்கத்திலும் எனக்குப் பொறுக்கவில்லை.

"டாக்டர், உங்களுக்கு யார் முடி வெட்டறாங்க?"

"ஏன்மா?"

"அந்த ஆளுக்கும் உங்களுக்கும் ஏதாவது பகையா?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். தலையைத் தடவிக்கொண்டார். "சின்ன வயசுலேர்ந்து இது அடங்கினதே இல்லம்மா. விட்டுட்டேன்."

"சுழியை விடக் கூடாது. அஞ்சு நிமிஷம் உட்காருங்க."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அளவுகோல் என்னைப் பார்த்தாள், என் கைப்பையைப் பார்த்தாள். பிறகு சுழலும் முக்காலியை நடுவில் தள்ளிவிட்டு, "உட்காருங்க டாக்டர், அடுத்த ஆள் வர இன்னும் நேரமிருக்கு" என்றாள். கட்டிலில் விரிக்கிற காகிதத்தைக் கிழித்து அவர் தோளைச் சுற்றிப் போட்டதும் அவள்தான்.

டாக்டர் உட்கார்ந்தார். உட்கார்ந்தும் உயரம். சீப்பைக் கண்டதும், பாவம், பணிவாகத் தலையைக் குனிந்தார்.

"குனியாதீங்க" என்றேன்.

இரட்டைச் சுழித் தலையைக் குனியவைத்து வெட்டவே கூடாது. குனிந்தால் முடி எல்லாம் ஒரே பக்கம் விழும். எது எந்தச் சுழியைச் சேர்ந்தது என்று தெரியாது. நேராக உட்கார வைத்து, மேலேயிருந்து, ஒவ்வொரு கொத்தாகச் சீப்பில் எடுத்து, அது போக நினைக்கிற பக்கத்துக்கே விட்டு வெட்ட வேண்டும். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு தலையைக் கெடுத்துத்தான் நான் இதைக் கற்றுக்கொண்டேன்.

இடது கையில் சீப்பு. முதல் கொத்தை எடுத்தேன். வெட்டினேன். அது சாய்கிற பக்கம் தெரிந்தது. இரண்டாவது சுழி இன்னும் உள்ளே இருந்தது, அதன் கொத்து முதல் கொத்துக்குள் சிக்கியிருந்தது. அதைப் பிரித்தேன். பள்ளத்தை என்ன செய்வது? சுற்றியுள்ளதை மெலிதாக்கினால் மறையும். மெலிதாக்கினேன். உச்சியில் விறைத்து நின்ற அந்தக் கொண்டையைக் கத்தரி முனையால் நுனி நுனியாக எடுத்தேன். சேவல் கொஞ்சம் கொஞ்சமாகப் படுத்தது.

அறையில் யாரும் பேசவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நிமிர்ந்து பார்த்தேன். சுவரில் கை கழுவுகிற தொட்டிக்கு மேல் ஒரு கண்ணாடி. யாருக்காகவும் இறக்காத கண்ணாடி. அதில் ஒரு பொம்பளை நின்றாள். அவள் வலது முழங்கை விலாவில் இல்லை. தோளுக்கும் மேலே இருந்தது. கத்தரி அவள் நெற்றிக்கு நேராக இருந்தது.

இப்போது வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. கையை அங்கேயே வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் காத்திருந்தேன். டப் சத்தம் வரவே இல்லை. வேண்டுமென்றே, தெரிந்தே, இன்னொரு கொத்தை எடுத்து வெட்டினேன். கத்தரிச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அளவுகோல் பக்கத்தில் வந்து என் தோள்பட்டையில் லேசாகக் கை வைத்தாள். அமுக்கவில்லை.

"திருடல டாக்டர். முழுக்க அவங்களே தூக்கியிருக்காங்க. தோளுக்கு மேல நல்லாவே போயிருக்கு." அவள் குரல் கரகரத்தது.

டாக்டர் தலையைத் திருப்ப முயன்றார். "அசையாதீங்க" என்று அதட்டினேன். அப்படியே உட்கார்ந்தார். என் தோளை வெட்டியவரை என் கத்தரிக்கு அடியில் அசையாமல் உட்கார வைத்த அந்த நிமிடம் இருக்கிறதே, அதை நான் எதற்கும் கொடுக்க மாட்டேன்.

முடித்ததும் அவர் கண்ணாடி முன்னால் போய் நின்று, குனிந்து, தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். உச்சியைத் தடவினார். கொண்டை இல்லை.

"இது எப்படிம்மா அடங்கிச்சு?"

"ரெண்டு சுழி உள்ள தலை டாக்டர். ஒத்தச் சுழி மாதிரி வேகமா வராது."

ஒரு கணம் விழித்தவர், தான் சொன்னதுதான் திரும்பி வருகிறது என்று புரிந்ததும் அப்படிச் சிரித்தார். சிரித்துவிட்டு என் வலது கையைப் பிடித்துக்கொண்டார். "நான் தோள் மட்டம்னு சொன்னேன். தோத்துட்டேன்மா. இவ்வளவு சந்தோஷமா நான் தோத்ததே இல்ல." பிறகு டாக்டராகிவிட்டார். கனமானது எதையும் தூக்கக் கூடாது, கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கக் கூடாது என்றார். முதுகுப் பக்கம் கை போகிறதே இல்லை, அது வேறு கதை. ரவிக்கைக் கொக்கி இன்றுவரை வீட்டுக்காரர் பொறுப்பு.

அந்த மனிதர் மூலையில் நாற்காலியில் உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கிட்டே போனேன். நேற்றுக் கத்தியதற்கு ஏதாவது சொல்லலாம் என்று வாயெடுத்தேன்.

"இன்னும் ரெண்டு பலகை அறுத்து வச்சிருக்கேன்" என்றார்.

"அதை அடுப்புல போடுங்க" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவரும்தான். ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்கவில்லை.

கடைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நாத்தனார் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாமல் தவித்தாள். அவள் நெற்றியில் விழுந்திருந்த முடியை வலது கையை நீட்டி ஒதுக்கிவிட்டேன். அவள் என்னைவிட உயரம்.

"அண்ணி" என்று மட்டும் சொன்னாள். அப்புறம் "அப்பாடா, ரெண்டு நாற்காலியைக் கட்டி மாரடிக்க இனிமே என்னால ஆகாது" என்று மூக்கை உறிஞ்சினாள்.

வீட்டுக்காரர் மெத்தையைக் கழற்றி, பலகைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். பிறகு தரையில் படுத்து, தண்டில் மாட்டியிருந்த இரும்பு வளையத்தைத் திருகிக் கழற்றினார். துருப்பிடித்துப் போயிருந்தது. நான் மிதியை மிதித்தேன். நாற்காலி முனகிக்கொண்டு ஏறியது. இன்னொரு மிதி. இன்னும் ஏறியது.

முதல் ஆளாகத் தபால்காரர் வந்தார். ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் வழக்கம்போலச் சறுக்கி, முகவாயை நெஞ்சில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார்.

"நிமிர்ந்து உட்காருங்க" என்றேன்.

ஒரு கண்ணைத் திறந்தார். "என்ன அக்கா?"

"எனக்காக எட்டு வருஷம் குனிஞ்சது போதும். நிமிர்ந்து உட்காருங்க."

அவர் என் கையைப் பார்த்தார். சீப்பும் கத்தரியும் அவர் உச்சிக்கு மேலே தயாராக இருந்தன. கைப்பிடிகளை ஊன்றி, முதுகைப் பின்னால் சேர்த்து, கழுத்தை நிமிர்த்தி முழு உயரத்துக்கு உட்கார்ந்தார். எதிரே இறக்கி மாட்டியிருந்த கண்ணாடியில் அவருடைய சட்டைப் பொத்தான்கள் மட்டும்தான் தெரிந்தன.

என் வீட்டுக்காரர் ஏணியை எடுத்துவரக் கிளம்பிவிட்டார்.